சேபோமின் கார் தேம்பும் இடம்

மேட்டில் ஏறும்போது ஒன்றும் செய்யாது. இறங்கும்போதும் செய்யாது. சந்தைத் தெருவில் நின்று நின்று போகும்போது சொன்ன பேச்சு கேட்கும். கோஜின் துறைமுகம் தாண்டி, கடலை ஒட்டிச் சாலை மட்டமாக நீள்கிற இடத்தில், எழுபது கிலோமீட்டர் வேகத்தில் காலை அசைக்காமல் பிடித்தால்தான் அந்தக் கார் குலுங்கும். ஒரு வெட்டு. கொஞ்ச தூரம் சும்மா போகும். அப்புறம் அடுத்தடுத்து இரண்டு வெட்டு.

இதைத்தான் பக்கத்து வீட்டுக் கில்சு, பட்டறை வைத்திருக்கிற என் வீட்டுக்காரர் துசிக்கிடம் மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார். துசிக் பட்டறை வாசலில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முதலில் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றிப் பார்த்திருந்தார். பிறகு இக்னிஷன் காயிலை. பிறகு பெட்ரோல் பம்பு, பெட்ரோல் ஃபில்டர். ஒவ்வொரு தடவையும் ஓரிரு நாள் நன்றாக இருக்கும். மறுபடி கில்சு வந்து நிற்பார்.

"ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரியே பேசறீங்க அண்ணே. எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு, எல்லாம் நல்லா இருக்கு, வலி மட்டும் போகல."

"வலி என் முன்னால வந்தாத்தானே கண்டுபிடிக்க முடியும்? நான் ஏறி உக்காந்தா உன் கார் புது மருமக மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போகுது."

கில்சு சிரிக்கவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை மகள் போய் வருஷம் திரும்புகிறது என்றார். அதற்குள் இது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அவர் மனைவி ஒக்பூன் மகளைப் பார்க்க ஒருபோதும் வர மாட்டாள்.

கார் அவர்கள் மகள் சேபோமுடையது. சியோலில் வேலை கிடைத்ததும் அவள் வாங்கிய பழைய கார். போன நவம்பரில், ஆபீஸில் காபி குடித்துக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. முப்பத்தொரு வயது. பெற்றவர்கள் பிள்ளையின் தகனத்துக்குப் போகக்கூடாது என்று கில்சுவின் பெரியண்ணன் வாசலை மறித்து நின்றார். கில்சு அவரைத் தள்ளிவிட்டுப் போனார். ஒக்பூனை மூன்று நாத்தனார்கள் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். காங்னுங் போகிற வழியில் ஒரு அஸ்திக் கூடம், அங்கே கண்ணாடிக் கதவு போட்ட மாடம், அதற்குள் வெள்ளை ஜாடி என்று கணவர் சொல்லித்தான் அவள் கேட்டிருக்கிறாள். தன் பெண் இருக்கிற இடத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை.

காரை சியோலிலிருந்து யாரோ நண்பர்கள் கொண்டுவந்து விட்டார்கள். ஒக்பூன் மீன் உலர்த்துகிற கொட்டகையை ஒட்டி அது குளிர்காலம் பூராவும் நின்றது. அதன் மேல் பனி விழுந்து உருகி மறுபடி விழுந்தது. யாரும் தொடவில்லை. செர்ரிப் பூவெல்லாம் உதிர்ந்த பிறகு ஒருநாள் கில்சு சாவியை எடுத்தார். அவராகத் தனியாக அஸ்திக் கூடம் போய் வந்துகொண்டிருந்தார். கோடையில் ஒக்பூனை எப்படியோ சம்மதிக்க வைத்துக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். துறைமுகம் தாண்டி மட்டச் சாலை வந்தது. கார் ஒரு தரம் வெட்டியது. பிறகு இரண்டு தரம்.

ஒக்பூன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். நிறுத்துங்க, அவ தேம்பறா என்றாளாம்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். சேபோமை நான் இடுப்பில் வைத்து வளர்த்திருக்கிறேன். திட்டினால் அந்தக் குழந்தை வாய்விட்டு அழாது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நிற்கும். தோள் மட்டும் குலுங்கும். ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு. கடைசியாக அறுவடைப் பண்டிகைக்கு ஊருக்கு வந்தபோது கல்யாணப் பேச்சை எடுத்துத் தாயும் மகளும் சண்டை போட்டார்கள். ஒக்பூன் கட்டிவைத்த சாப்பாட்டு டப்பாவை வாசற்படியிலேயே விட்டுவிட்டு சேபோம் கிளம்பிப் போனாள்.

"வண்டி திரும்பறப்ப பாத்தேன்க்கா," என்று ஒக்பூன் என்னிடம் சொன்னாள். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தோள் குலுங்குது. போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். மீன் ஈரமாயிடும்னு கொட்டகைக்குப் போயிட்டேன்."

பஸ்ஸில் போயேன் என்று நானும்தான் சொல்லிப் பார்த்தேன். பஸ்ல போனா அவளுக்குத் தெரியாதா என்று கேட்டாள். வராதே என்கிறாள், அவள் கோபம் தீரட்டும் என்றாள்.

அவளை எப்படிக் கூப்பிடுவது என்பதே எனக்குக் கஷ்டமாகிவிட்டது. முப்பத்தொரு வருஷம் இந்தத் தெரு முழுக்க அவளை 'சேபோம் அம்மா' என்றுதான் கூப்பிட்டது. என்னை 'மின்கி அம்மா' என்று கூப்பிடுகிற மாதிரி. இப்போது யாருக்கும் அந்தப் பெயரை வாயில் எடுக்கத் துணிவில்லை. காய்கறிக்காரி 'கொட்டகைக்காரம்மா' என்கிறாள். என் வீட்டுக்காரர் திடீரென்று 'தங்கச்சி' என்று ஆரம்பித்தார். நான் எதுவும் சொல்லாமல் 'இங்க பாரு' என்று மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவளும் கவனிக்காதவள் மாதிரி திரும்பிப் பார்ப்பாள்.

அன்றைக்குக் கில்சு காரை விட்டுவிட்டுப் போன பிறகு, துசிக் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மின்கி அம்மா, கண்ணாடியை மாட்டிக்கிட்டு வா. நான் ரோட்டைப் பாப்பனா, ஸ்கேனரைப் பாப்பனா? நீ வாசி, நான் ஓட்டறேன்."

"சோத்துக்கு உலை வச்சிருக்கேன்."

"அணைச்சுட்டு வா. இத்தனை நாள் நான் தப்பா ஓட்டிப் பாத்திருக்கேன். மலைப் பக்கம் ஏத்தி, மிதிமிதின்னு மிதிச்சு, இழுவைல கோளாறைத் தேடினேன். இது இழுக்கறப்ப வர்ற கோளாறு இல்ல. சும்மா போறப்ப வர்றது."

ஸ்கேனர் என்பது நம் கைபேசி மாதிரி ஒரு பெட்டி. அதன் வயரைக் காரில் செருகினால் எஞ்சினுக்குள் நடப்பதெல்லாம் எண்களாக ஓடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்காதே, நான் சொல்கிற வரியை மட்டும் பார் என்றார். மட்டச் சாலையில் எழுபதைப் பிடித்தார். முதலில் பெட்ரோல் அழுத்தத்தைப் படிக்கச் சொன்னார். கார் வெட்டியபோதும் அந்த எண் அசையவில்லை. திரும்பி வந்து மறுபடி ஓட்டினார். இந்தத் தடவை ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறார் என்பதைக் காட்டுகிற வரி.

"பதினெட்டு," என்றேன். "பதினெட்டு. பதினெட்டு. பதினெட்டு. என்னங்க இது, கோயில்ல ஜபமாலையை உருட்டிக்கிட்டு உக்காந்த மாதிரி இருக்கு."

"உருட்டு. நிறுத்தாதே."

"பதினெட்டு. பதினெட்டு."

கார் வெட்டியது. சீட் பெல்ட் என் மார்பை இழுத்துப் பிடித்தது.

"பூஜ்யம்."

"என்னது?"

"கண்ணை மூடித் திறக்கற நேரம் பூஜ்யம்னு காட்டுச்சு. இப்ப மறுபடி பதினெட்டு."

"நான் காலை எடுக்கவே இல்லையே."

"நீங்க எடுக்கல. எடுத்துட்டீங்கன்னு அது சொல்லுது."

அவர் காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எனக்கா தனக்கா என்று தெரியாமல் சொன்னார். மிதி எந்த அளவில் இருக்கிறது என்று எஞ்சினுக்குச் சொல்ல ஒரு சென்சார் உண்டு. அதிலிருந்து போகிற வயர் எங்கேயோ தோல் உரிந்து இரும்பில் படுகிறது. இந்த வேகத்தில் எழுகிற நடுக்கத்துக்குத்தான் அது போய்த் தொடுகிறது. தொட்ட நொடியில், ஓட்டுகிறவர் காலை எடுத்துவிட்டார் என்று எஞ்சின் நினைத்துக்கொள்கிறது. பெட்ரோலை நிறுத்துகிறது. கால் அங்கேயே இருப்பது தெரிந்ததும் மறுபடி விடுகிறது. அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று அவருக்குச் சொல்ல முடிந்தது. திரும்பி வரும் வழியில் மறுபடி இரண்டு தரம் வெட்டியபோது நான் ஸ்கேனரை மடியில் கவிழ்த்துவிட்டேன். ஒக்பூன் சொன்னது பொய்யில்லை. கண்ணை மூடிக்கொண்டால் அந்தக் குழந்தையின் தோள்தான்.

பட்டறைக்கு வந்து பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றித் தூக்கினார். தூக்கிய கை அப்படியே நின்றது.

"விளக்கைப் பிடி," என்றார். குரல் மாறியிருந்தது.

கார் வாங்கிய அன்று எங்கள் பட்டறை வாசலில்தான் பூஜை நடந்தது. ஆவி பறக்கிற அரிசி கேக், நாலு சக்கரத்துக்கும் ஊற்றிய அரிசிக் கள். காருக்குத் தீங்கு அண்டாமல் காவல் வைக்க, கொட்டகையில் இருந்த உலர்ந்த பொல்லாக் மீன்களிலேயே பெரியதாக, வாய் நன்றாகத் திறந்ததாகப் பார்த்து ஒக்பூன் எடுத்து வந்திருந்தாள். ஒரு கண்டு வெள்ளை நூலை அதன்மேல் சுற்றியிருந்தாள். எல்லோரும் அதை டிக்கியில்தான் வைப்பார்கள். ஒக்பூன் கேட்கவில்லை. ஓடறது டிக்கியா, எஞ்சின்தானே, அதுக்குப் பக்கத்துல கட்டுங்க என்றாள். சேபோம் சிரித்துச் சிரித்து என் தோளில் சாய்ந்தாள். சியோல்ல இருக்கற பூனையெல்லாம் என் பின்னாலயே வரும்மா, மாமா, கட்டறதுதான் கட்டறீங்க, ஃப்ரெண்ட்ஸ் கண்ணுல படாம கட்டுங்க என்றாள். துசிக் ஃபில்டர் பெட்டிக்கும் பின்னால், வயர்க் கட்டை ஒட்டி, கை நுழையாத சந்தில் வைத்துக் கட்டினார். ஏழு வருஷம் அது சியோலின் நிலத்தடி நிறுத்தங்களில் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. இங்கே கொட்டகையை ஒட்டி ஒரு குளிர்காலம் நின்றதுதான் தாமதம், எலிகள் மோப்பம் பிடித்துவிட்டன.

இப்போது தலையும் முள்ளும்தான் மிச்சம். வாய் மட்டும் இன்னும் அதே மாதிரி திறந்திருந்தது. சுற்றிய நூலையெல்லாம் உருவி எலி உருண்டையாகக் கூடு கட்டியிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, காலிக் கூடு. மீனோடு மீனாக வயரையும் கடித்திருந்தது. பச்சைத் தோல் உரிந்து செம்பு தெரிந்தது.

துசிக் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் போய்க் கில்சுவை அழைத்து வந்தேன். அவர் குனிந்து பார்த்தார். நூல் உருண்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இது அவளுக்குத் தெரிய வேண்டாம் அண்ணே."

"சரி."

"சென்சார் பழசாயிடுச்சுன்னு சொல்லுங்க."

"சரிப்பா. சொல்றேன்."

மீன் தலையையும் கூட்டையும் கில்சு செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். கடல்ல விட்டுடு என்றார் துசிக். கில்சு தலையாட்டிவிட்டு அலைதடுப்புச் சுவர் பக்கமாக நடந்து போனார்.

வயரை வெட்டி, ஒட்டுப் போட்டு, உறை மாட்டி, மறுபடி என்னை ஏற்றிக்கொண்டு ஓட்டிப் பார்த்தார் துசிக். பதினெட்டு, பதினெட்டு என்று தொண்டை வறள வாசித்தேன். கடைசி வரைக்கும் பதினெட்டுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் ஒக்பூன் பட்டறைக்கு வந்தாள். அவள் கையில் ஒரு பொல்லாக் மீன் இருந்தது. பெரிய மீன், வாய் திறந்தது. புது நூல் சுற்றியிருந்தது.

"சரியாயிடுச்சுன்னு அவர் சொன்னார்," என்றாள் துசிக்கிடம். "நாளைக்குப் போறோம். பழசுக்குச் சக்தி தீந்திருக்கும். இதையும் அதே இடத்துல கட்டிடுங்க."

துசிக் அரை நிமிஷம் ஸ்பானரைத் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது.

"டிக்கில வச்சுக்கலாமே தங்கச்சி."

"அப்பவும் இதையேதான் சொன்னீங்க."

"எஞ்சின் சூடு. மீன் கெட்டுப் போயிடும்."

"உலந்த மீனு. ஏழு வருஷம் கெடல. இப்ப என்ன கெட்டுப் போகும்?"

துசிக்குக்குக் கார்களைத் தெரியும்; பொய் சொல்லத் தெரியாது. என்னைப் பார்த்தார். நான் சோயாக் குழம்பு ஜாடியை மூடப் போகிறவள் மாதிரி திரும்பிக்கொண்டேன். ஒக்பூன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாற்பது வருஷமாகக் கருவாட்டோடு வாழ்கிறவள். எந்த மூட்டையில் எது புகும் என்று அவளுக்குத் தெரியாதா?

"எலியா?" என்று கேட்டாள்.

துசிக் ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"வயரைக் கடிச்சுதா?"

"ஒரே ஒரு வயர்தான்," என்றார் துசிக்.

"அப்ப அந்தத் தேம்பல் நான் கட்டினது."

"நான் கட்டினேன். நீ மீன்தான் குடுத்த. டிக்கில வைன்னு வாயால சொன்னேனே தவிர, கட்டினது என் கை."

அவர் சொன்னது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. மீனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். பிறகு என்னிடம் வந்து நீட்டினாள்.

"சூப் வைங்கக்கா. மின்கி அப்பாவுக்குப் பிடிக்கும்."

நான் வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலம் நூலைப் பிரிக்க உட்கார்ந்து, ஒரு சுற்றுக்கூடப் பிரிக்காமல் எழுந்துவிட்டேன். அது இன்னும் என் சமையலறை ஆணியில் தொங்குகிறது.

அவள் வர மாட்டாள் என்றுதான் நினைத்தோம். செவ்வாய்க்கிழமை காலை கில்சு காரைக் கிளப்பிக்கொண்டு நின்றபோது, ஒக்பூன் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, துணியில் கட்டிய டப்பாவோடு வெளியே வந்தாள். பண்டிகையன்று சேபோம் விட்டுப்போன அதே டப்பா. சோயாவில் வதக்கிய தாமரைக் கிழங்கு என்று வாசத்திலேயே தெரிந்தது. முன் கதவைத் திறந்தவள் எங்கள் வாசலைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்களும் வாங்க."

நான் ஏப்ரனைக் கழற்றிவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டேன்.

துறைமுகம் வந்தது. கணவாய் மீன் படகுகள் வரிசையாக நின்றிருந்தன, விளக்குகள் அணைந்திருந்தன. வளைவு முடிந்தது. இடது பக்கம் கடல் திறந்துகொண்டது. சாலை மட்டமாக நீண்டது. கில்சு அறுபதுக்கு வந்தார், எழுபதுக்கு வந்தார். ஒக்பூனின் கை கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டது.

கார் போனது. தண்ணீரில் படகு வழுக்குகிற மாதிரி போனது.

"பாரு," என்றார் கில்சு. "ஒண்ணுமே இல்ல."

ஒக்பூன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ராணுவக் காவல் கோபுரம் வந்தது, போனது. முள்வேலி போட்ட மணல்கரை வந்தது, போனது.

"இங்கதானே வரும்?" என்றாள்.

"இங்கதான் வந்துக்கிட்டிருந்துச்சு."

"இன்னும் கொஞ்சம் தூரம் போனா?"

"இனிமே வராது. அண்ணன் சரி பண்ணிட்டார்."

அவள் கதவுப் பிடியை விட்டுவிட்டுக் கையை மடியில் இருந்த டப்பாவின் மேல் வைத்தாள்.

"அப்ப இதுல அவ இல்லையா?"

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. கடையில் பொருள் தீர்ந்துவிட்டதா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குக் கில்சுவின் கழுத்துதான் தெரிந்தது. அது விறைத்திருந்தது. வண்டி அப்படியே போய்க்கொண்டிருந்தது, அந்த வழவழப்பை என்னாலேயே தாங்க முடியவில்லை.

அப்போது கார் வெட்டியது.

ஒரு வெட்டு. ஒக்பூன் நிமிர்ந்தாள். கொஞ்ச தூரம் சும்மா போயிற்று. பிறகு அடுத்தடுத்து இரண்டு.

நான் துசிக்கை மனதுக்குள் திட்டினேன். அதற்குள் என் பார்வை முன் சீட்டுகளுக்கு நடுவே கீழே போனது. கில்சுவின் வலது முழங்கால் லேசாக உயர்ந்து, இறங்கியது. மறுபடி உயர்ந்தது. காலை எடுத்து, வைத்து, எடுத்து, வைத்துக்கொண்டிருந்தார். கண் சாலையிலேயே இருந்தது. கன்னம் நனைந்திருந்தது.

ஒக்பூனும் பார்த்துவிட்டாள். அந்த முழங்காலை வெகு நேரம் பார்த்தாள்.

"அது நீங்க," என்றாள்.

கில்சு உதட்டை மூடிக்கொண்டார்.

"காலை எடுக்காதீங்க. நேரா ஓட்டுங்க." அவர் தொடையின் மேல் கையை வைத்து மெதுவாக அழுத்தினாள். "கிழங்கு ஆறிடும். அவளுக்கு ஆறினா பிடிக்காது."

கார் மறுபடி சீராகப் போனது. அவள் கையை எடுக்கவில்லை. சியோல் பக்கம் பிரிகிற சாலையைத் தாண்டும்போது அவள் தோள் ஒரு தரம் குலுங்கியது. வாய் மூடியிருந்தது. கொஞ்ச தூரம் போன பிறகு இரண்டு தரம். அந்தக் குழந்தைக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று முப்பத்தொரு வருஷமாக நான் யோசித்ததே இல்லை.

எனக்கு அவளைத் தொட வேண்டும்போல இருந்தது. சீட் பெல்ட் பிடித்து இழுத்தது, கை எட்டவில்லை.

"சேபோம் அம்மா," என்றேன்.

ஒரு வருஷமாகச் சொல்லாத பெயர். கில்சு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அவள் உடனே திரும்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே கடல் கூடவே வந்துகொண்டிருந்தது.

"என்னக்கா," என்றாள், திரும்பாமல்.

தண்ணி குடிக்கிறியா என்று கேட்டேன். கையைப் பின்னால் நீட்டினாள். பாட்டிலைக் கொடுத்தேன்.